ஒரே வெட்டு

குப்புராஜின் கழுத்து காதிலிருந்து காதுவரை பிளந்து கிடந்தது. காந்திமதி கண்ணைச் சிமிட்டாமல் அந்தப் பிளவின் மேல் விரலை ஓட்டினாள்.

"போட்டோ மேல கை வைக்காதே," என்றார் சுந்தர்சிங். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். இப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் குற்றவியல் படிப்புக்கு ஆள் எடுப்பவர்.

எதிரே நின்றவள் மீன்காரி. நாற்பத்தேழு வயசில் தட்டுத்தடுமாறி ப்ளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டு, சீட் கேட்டு வந்திருக்கிறாள்.

"ஏம்மா, உனக்கு ஒரு வருஷ டிப்ளமா பத்தாதா? தமிழ் இலக்கியத்துலகூட இடம் காலியா இருக்கு."

"வேணாம் சார். கோர்ட்ல நின்னு பேசுனா எடுபடணும். அதுக்கு இன்னா டிகிரியோ, அத்தக் குடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, ஒரே கேள்வி. இவன் மீன் ஏலக்காரன். தொண்ணூத்தொன்பதுல என் ஸ்டேஷன் லிமிட்ல செத்தவன். என்ன ஆயுதம்? சரியாச் சொன்னா சீட். தப்புன்னா கூடையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு."

காலையிலிருந்து வந்த பையன்கள் எல்லாரும் 'அரிவாள்' என்றார்கள். அரிவாளோடுதான் ஒரு பொடியனைப் பிடித்து உள்ளே தள்ளினார் அவர். அவனுக்கு ஆயுள். இவருக்கு மெடல்.

"அரிவா இல்ல சார்."

"என்னது?"

"வீசி வெட்டுனா ரத்தம் செவுத்துல அடிக்கும். செவுரு சுத்தமா கீது பாருங்க, அம்புட்டும் தரையில. கத்தி அசையவே இல்ல சார். அருவாமனை. மேல வந்து வுழுந்தவன் தலையப் புடிச்சு, வஞ்சிரத்தத் தள்ற மாரி தள்ளிக்கீறாங்க. பொடனியில பெருவிரல் தடம் கீதா?"

அவர் வாய் திறக்கும் முன் மேஜையைச் சுற்றி வந்துவிட்டாள். செதில் கிழித்துக் காய்த்த கை அவர் பிடரியைக் கவ்வி அழுத்தியது. மேஜை விளிம்பு தொண்டையைத் தொட ஒரு விரற்கடை இருக்கையில் நிறுத்தினாள்.

"இப்டித்தான் சார்."

அவள் கையை எடுத்ததும் நிமிர்ந்து, அந்தக் கேஸ் ஃபைலைப் புரட்டினார். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இரண்டாம் பக்கம்: பிடரியின் இடப்புறம், பெருவிரல் அளவில் கன்றிய காயம். எட்டு வருஷமாக அவர் கண்ணில் படாத வரி.

அப்படியென்றால் அந்தப் பொடியன்?

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "சீட் உனக்குத்தாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "உன்ன மாதிரி ஒருத்தி அன்னிக்கே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருந்தா, அந்தப் பையன் ஜெயிலுக்கே போயிருக்க மாட்டான்."

காந்திமதி விண்ணப்பத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கே ஸ்டேஷனுக்கு வந்து நான்தான் வெட்டுனேன்னு சொன்னேனே சார், பெத்த பாசத்துல உளர்றேன்னு தொரத்திவுட்டீங்க."