பேரா, நம்பரா?

"யார் யார் எங்கே உட்கார்ந்தாங்கன்னு முதல்ல எழுதுய்யா. நாளைக்கு ஒருத்தரும் நான் அங்க இல்லைன்னு சொல்லக் கூடாது" என்றார் மேனேஜர் காசிநாதன்.

கம்பெனியின் செங்கல்பட்டு ஆபீசில் குமாஸ்தா பட்டாபி எழுதினார். நடு நாற்காலியில் உப்பளக் கம்பெனி மேனேஜர். அவருக்கு வலப்புறம் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ரெபேக்காள். இடப்புறம் சுகாதார இலாகா அதிகாரி வெங்கடராகவன். கதவோர பெஞ்சில் தொழிலாளர் சங்கத்துச் செங்கல்வராயன்.

தொழுநோய்க்குப் புது மாத்திரை வந்திருந்தது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிகிற ஆரம்பத்திலேயே கொடுத்தால் நோய் நிற்குமா என்று இரண்டு வருடம் ஆராய வேண்டும். மருந்து சர்க்காருடையது. டாக்டர்கள் மிஷனைச் சேர்ந்தவர்கள். மாத்திரை சாப்பிடப் போகிறவர்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே உப்பளத்தில் வேலை செய்யும் நானூறு பேர். இந்த நாலு பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தக் கடிதம் நாலரை மணித் தபாலில் செங்கல்பட்டிலிருந்து மதராஸ் போயாக வேண்டும். அப்போது மணி நாலு.

"தேமல் இருக்கிறவன் பேரு எனக்கு வந்தாகணும். அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் காசிநாதன்.

"பேர் குடுத்தா ஒருத்தரும் சட்டையைக் கழட்ட மாட்டாங்க சார். நம்பர் போட்டுக்கலாம். யாருன்னு ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் ரெபேக்காள்.

"என் உப்பளத்துல எனக்கே ரகசியமா?"

செங்கல்வராயன் எழுந்துவிட்டார். "இன்னா சார், மருந்து குடுக்க வர்றீங்களா, வயித்துல அடிக்க வர்றீங்களா?"

"குந்துய்யா! கத்தினா ஆச்சா?" காசிநாதன் சிகரெட்டைக் கடைசி வரை இழுத்து, நெருப்பை விரலாலேயே நசுக்கி அணைத்தார்.

"இன்னிக்குத் தபால் போகலேன்னா மருந்து வேற ஜில்லாவுக்குப் போயிடும்" என்றார் வெங்கடராகவன்.

செங்கல்வராயன் மெல்ல உட்கார்ந்தார். தேமலோடு எட்டுப் பேரை அவருக்குத் தெரியும். அதில் ஒருவன் அவர் தம்பி.

"பேருன்னே எழுதுங்க. வேலை போனா போவுது, விரலாச்சும் மிஞ்சும்."

ரெபேக்காள் நிமிர்ந்தார். "அப்போ மேனேஜர்லேர்ந்து கூலி வரைக்கும் எல்லாரையும் ஊசி முனையால குத்திப் பார்ப்போம்."

"தாராளமா. எனக்கு இன்னா?" காசிநாதன் சிரித்தபடி கையெழுத்திட்டார். மற்றவர்களும் இட்டார்கள்.

மணி நாலே கால். பட்டாபி அரக்கை உருக்கினார். உறையின் மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டு காசிநாதன் கடிகாரத்தையே பார்த்தார். அவசரத்தில் பட்டாபியின் கை தவறியது. கொதிக்கும் அரக்கு அந்த விரல் மேலேயே விழுந்தது.

"ஐயோ, சார்!"

"இன்னாய்யா? சீக்கிரம் ஊத்து, நேரமாவுது!"

விரல் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் அதன் மேல் இருந்தது. கடைசியில் அவரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

செங்கல்வராயன் எழுந்து வந்து உறையை எடுத்துக் கிழித்தார். "பட்டாபி சார், வேற எழுதுங்க. பேரு வேணாம். நம்பர் போதும்."

நாலரை மணித் தபாலில் அந்தக் கடிதம்தான் போனது. அதில் முதல் கையெழுத்து காசிநாதனுடையது; அரக்கு வைக்கும்போது மடிப்பை அழுத்திப் பிடித்தது செங்கல்வராயனின் விரல்.