டல்லாஸிலிருந்து புத்தூர்

புத்தூரில் பொன்னியம்மா காலையிலேயே கண்ணை மூடிவிட்டாள். வாசலில் பந்தல் போடும்போதே அவள் புருஷன் ரங்கையாவிடம் வந்து நின்றான் அவருடைய தங்கை மகன் ஜெயபிரகாஷ். திருப்பதியில் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருப்பவன்.

"மாமா, டல்லாஸ்ல இருந்து நாளைக்கு பிளைட் இருக்குது. பிராங்க்பர்ட்ல மாறணும், மொத்தம் ஒரு நாள் ஆவும். மெட்ராஸுக்கு நான் கார் எடுத்துக்கினு போறேன். நாளான்னிக்கு விடியறப்ப கிரணு இங்க இருப்பான்."

"எவ்ளோ தூரம் அது?"

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் இருக்கும். ஏன் மாமா?"

"அவ்ளோ தூரத்துல இருந்து வரவேணாம். இன்னிக்கே எடுத்துடலாம்."

அண்ணியின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த ஜெயபிரகாஷின் அம்மா கமலம்மா எழுந்து வந்தாள்.

"இன்னாண்ணா பேசுற? ஒரே புள்ள. ஐஸ் பெட்டி கெடைக்குது, பிளைட் கெடைக்குது. பெத்தவளுக்கு அவன் கொள்ளி வைக்க வேணாமா?"

"நான் வைக்கிறேன்."

ஜெயபிரகாஷ் டல்லாஸுக்கு போன் போட்டான். ரங்கையா ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"கிரணு, அம்மா பூட்டாடா. நீ கெளம்பாத. நீ வந்து சேர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாது. நான் பாத்துக்கறேன்."

மறுமுனையில் வெறும் அழுகை. கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவரே போனை வைத்தார்.

"நெஞ்சா அது, கல்லு" என்று பந்தலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் அவரே கொள்ளி வைத்தார். ஜெயபிரகாஷ்தான் கூட நின்று எல்லாம் செய்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கமலம்மா சாயங்கால பஸ்ஸுக்கே காளஹஸ்திக்குக் கிளம்பிவிட்டாள்.

"புள்ள மூஞ்சியப் பாக்கவிடாம அண்ணிய அனுப்பிட்ட. இனிமே இந்த வூட்ல எனக்கு இன்னா வேல?"

ஜெயபிரகாஷும் அவள் பின்னாலேயே போனான். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய சோறு மூடியபடி கிடந்தது. பொன்னியம்மா இல்லாத வீட்டில் எங்கே உட்காருவதென்றே ரங்கையாவுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. கிரண்தான்.

"நைனா, நான் வந்திருக்கணும்."

"எப்டிப்பா வருவ? அவ்ளோ தூரம். யாரா இருந்தாலும் அதே நேரம்தான் ஆவும். உம் மேல ஒரு தப்பும் இல்ல. மருமவ, கொழந்தயெல்லாம் துன்னாங்களா?"

கிரணுக்கு வேலை போய் விசாவும் முடிந்துவிட்டது. ஒருமுறை ஊருக்கு வந்தால் மறுபடி அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். லீவில் வந்த அவன் சிநேகிதன் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து, பொன்னியம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஒன்றும் தெரியாதவர் மாதிரியே இருந்துவந்தார் ரங்கையா.