பெயர் போடாதவள்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கதிரேசன் கணினியில் மாட்யூல் என்ற சின்ன புரோகிராம் ஒன்றைப் போட்டால் போதும். நாற்காலியின் உயரத்திலிருந்து மெஷின் போடும் டீ வரை அதை எழுதியவர் இஷ்டப்படி மாறிவிடும். இரண்டு மாதமாக அவன் போட்டிருந்தது, கூட வேலை பார்க்கும் சாருலதா எழுதியது. தன் வீட்டில் அவளுடைய இஞ்சி டீ மணப்பதைப் பொறுக்காமல், அவன் மனைவி பூங்கோதையும் ஒன்று எழுதிப் பெயர் போடாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலில் ஏற்றினாள். அவனுக்கு முதுகு வலிக்கும் நேரம், டீ தேடும் நேரம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கதிரேசன் மறுநாளே அதற்கு மாறினான். "யாரோ தெரியல, என் மனசுக்குள்ள உக்காந்து எழுதியிருக்காங்க!"

"நான்தான்" என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், "நீயும் பதினோரு வருஷமா இருக்கியே கோதை, எனக்கு எப்ப டீ வேணும்னு என்னிக்காவது தெரிஞ்சிருக்கா?" என்றான்.

பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெயரில்லாதவளை வீட்டைவிட்டு விரட்டியே தீருவது என்று மாட்யூலைத் திறந்து, டீக்குச் சர்க்கரைக்குப் பதிலாக மெஷினில் சூப்புக்கு வைத்திருந்த உப்பு விழும்படி மாற்றிவிட்டாள்.

முன்பு ஒருமுறை சாம்பாரில் உப்புக் கூடியதற்குப் பூங்கோதையோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன், நாலு மணி டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"பாவம், அவங்களுக்கு வீட்டுல என்ன பிரச்சினையோ!"