கரண்ட் போன நேரம்

அபார்ட்மெண்ட் புல்தரையில் பாதிப் புல் வெட்டியிருக்கும்போது கரண்ட் போனது. மழுங்கிய பிளேடைக் கழற்றிச் சாணை பிடித்துவிடலாமென்று சந்தானசாமி மெஷினைச் சாய்த்தார். நட்டு இளகியதும் பிளேடு சரிந்து, மெஷின் மூடிக்கும் தனக்கும் இடையே அவர் விரல்களைக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. அப்போதுதான் உறைத்தது, பிளக்கைப் பிடுங்கவில்லை. அழுத்திப் பிடித்தால்தான் மெஷினை ஓடவிடும் கைப்பிடியையும், கை கடுக்கிறதென்று, வழக்கம்போலக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"மூச்சு முட்டுது, ஜெனரேட்டரைப் போடுங்க!" லிஃப்டுக்குள் சிக்கிய பெண் கதவைத் தட்டினாள்.

"போட்ராதே ஏகாம்பரம்! கை மாட்டிக்கிச்சு, பிளக்கைப் பிடுங்கு!"

ஜெனரேட்டரில் கைவைத்திருந்த வாட்ச்மேன் கையை எடுத்தான். பிறகு மாடிப்படியடியில் இருந்த பிளக்கை நோக்கி ஓடினான்.

அடுத்த தெருப் பிள்ளைகள் "ஹேய்" என்று கூவினார்கள். அங்கே கரண்ட் வந்தால் அடுத்து இங்கேதான்.

லிஃப்டுக்குள் விளக்கு எரிந்தது. "அப்பாடா," என்றாள் உள்ளே இருந்தவள்.