தோளில் ஒரு கை

காலைப் பேப்பரின் முதல் பக்கத்தில், தலைவர் சிரித்தபடி அமைச்சர் இளம்பரிதியின் தோளில் கை போட்டிருந்தார்.

"பாத்தியா மேகலா? அத்தனை பேர் நிக்கிறாங்க, என் தோள்ல மட்டும்தான் கை."

மேகலா கணவன் நீட்டிய படத்தைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் அந்தப் பத்திரிகையில் பழைய படங்களை அடுக்கிவைப்பதுதான் அவள் வேலை. அவற்றில் ஒன்றில், அப்போதைய நிதியமைச்சரின் தோளில் இதே கை, இதே சிரிப்பு. அடுத்த படத்தில் அவர் இல்லை. அதன்பின் யாரும் அவரைப் பார்க்கவுமில்லை. படைத்தளபதிக்கும் அப்படித்தான் நடந்தது.

"தலைவர் என்ன சொன்னார்?"

"வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டார். எவ்வளவு பிரியம் தெரியுமா? பிள்ளைங்க பேரெல்லாம் கேட்டார்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம? படிக்கிற ஸ்கூலைக்கூடச் சொன்னேன். ஏன், உன் முகம் ஏன் இப்படிப் போகுது?"

வாசலில் கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த இளம்பரிதி பூரித்துப்போனான்.

"அட, தலைவரே வண்டி அனுப்பியிருக்கார்!"

அவசரத்தில் அவன் போட மறந்த மேல் பொத்தானை மேகலா போட்டுவிட்டாள். போட்ட பிறகும் சட்டையிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

"விடும்மா, காத்திருக்காங்க" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.