முதலில் சொன்னவர்

“யூனிஃபார்ம் காலரைப் பிரிச்சா உள்ளே மூணு முடிச்சு! செய்வினை இல்லாம வேற என்னவாம்? ஆறு மணிக்குள்ள கடை காலியாகணும்!”

கட்டட உரிமையாளர் கத்திவிட்டுப் போனார்.

நூல் அவிழாமலிருக்கப் போடும் முடிச்சு அது. சொல்லிச் சொல்லித் தையல்காரிக்கு வாய் ஓய்ந்துவிட்டது. மிஷினைத் துணியால் மூடிக் கட்டினாள்.

தெருவில் நாலு குழந்தைகளுக்குக் காய்ச்சல். நாலும் அவள் தைத்த யூனிஃபார்ம் போட்டவை. பதினெட்டு வருஷம் தைத்துப்போட்ட தெரு, ஒரே மாதத்தில் அவளைச் சூனியக்காரி ஆக்கிவிட்டது.

“ஆறு மணி வரைக்கும் பொறுங்கக்கா,” என்றாள் ஆராய்ச்சிக்காரி. சூனிய நம்பிக்கை பற்றிப் பல்கலைக்கழகத்துக்காகப் போன வருஷம் இதே தெருவில் வீடு வீடாகப் பேட்டி எடுத்தவள். “யார் கிளப்பிவிட்டதுன்னு கண்டுபிடிச்சு, உங்க கால்ல விழ வைக்கிறேன்.”

“எதுக்கும்மா? நான் தச்ச ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பார்க்காம போட்டுக்கிட்டு வந்திருக்கியே, நீ ஒருத்தி. அது போதும்.”

ஆராய்ச்சிக்காரி விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

பால்காரர், “டிரைவர் சம்சாரம் சொல்லுச்சு” என்றார். டிரைவர் சம்சாரம், “நானா? இஸ்திரிக்காரர்தான் சொன்னாரு!” என்று கையைக் காட்டினாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு யாருண்ணே சொன்னது?”

“விடுங்கம்மா. நான் பாட்டுக்கு நம்பிட்டேன்.”

“ஆளைச் சொல்லுங்க. இன்னிக்கு விடறதா இல்லை.”

“என் வாயால எப்படிம்மா சொல்றது? போன வருஷம் என் பேச்சைப் பதிவு பண்ணீங்களே... போட்டுக் கேளுங்க.”

தையல்காரியின் சாமான் வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. ஆராய்ச்சிக்காரி அவசரமாக மொபைலில் அந்தப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டாள்.

இஸ்திரிக்காரரின் சிரிப்பு. “சூனியமா? இந்தத் தெருவுலயா? யார் மேலயும் சந்தேகம் இல்லம்மா.”

அடுத்து ஒரு பெண் குரல். அவளுடைய சொந்தக் குரல்தான்.

“சும்மா ஒரு உதாரணத்துக்குக் கேக்கறேண்ணே... கடைசிக் கடையில தனியா இருக்காங்களே தையல்காரம்மா, அவங்க மேல?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம். பிறகு இஸ்திரிக்காரர், தணிந்த குரலில்:

“அப்படியா சொல்றீங்க?”