கூடத்தில் ஒரு சாலை

தணிகாசலம் வீட்டுக் கூடத்தின் குறுக்கே இருபதடிச் சாலை ஒன்று போனது, நகரமைப்பு வரைபடத்தில் மட்டும். எப்போது இடிக்க வருவார்களோ என்று பத்தொன்பது வருடமாக அவர் மனைவி வசுமதி அங்கே கட்டில் போடவில்லை, ஒரு மின்விசிறிகூட மாட்டவில்லை. சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும்போதெல்லாம் தணிகாசலம் வலமும் இடமும் பார்த்துத்தான் கூடத்தைக் கடப்பார். விளையாட்டாக ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது.

இன்று வக்கீல் போன் செய்தார். வசுமதி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "குறிச்ச காலத்துக்குள்ள நிலத்த எடுக்கலைன்னா அந்த ரோடு செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சும்மா. இனி யாரும் இடிக்க வரமாட்டாங்க."

தணிகாசலம் டீ போடப் போனார். வசுமதி உள்ளறைக் கட்டிலை இழுத்துவந்து நட்டநடுக் கூடத்தில் போட்டு, கைகால்களை விரித்து மல்லாந்தாள். வியர்த்துக் கொட்டியது. புரண்டுகூடப் படுக்கவில்லை.

இரண்டு டம்ளர்களோடு வந்த தணிகாசலம் சமையலறை வாசலிலேயே நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். கால் நகரவில்லை.

"வண்டி ஒண்ணும் வரல," என்றாள் வசுமதி, கண்ணைத் திறக்காமலே. "வாங்க."